சத்திரத்துச் சோறும் சட்டசபை வாதமும்

ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் நம் ஊர்களில் என்ன கேட்பார்கள்? ரோடு போடுவீர்களா என்பார்கள். வாய்க்கால் தூர் வாருவீர்களா என்பார்கள். "எங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக நீங்கள் இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் குறைவு.

1937-ம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை மாகாண சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. தஞ்சை ஜில்லாக்காரர் ஒருவர் அதில் வேட்பாளராக நின்றார். யாராவது அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால், அவர் பிரசங்கம் செய்ய வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஒரத்தநாட்டில் உள்ள ஒரு சத்திரத்தையும், திருவையாற்றில் உள்ள ஒரு கல்லூரியையும் கையால் சுட்டிக் காட்டினால் போதும்.

அவர்தான் ஏ.டி. பன்னீர்செல்வம்.

ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா இருக்கிறது. எத்தனையோ பொதுக்கூட்டங்களைக் கண்ட இடம். அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்தவர் இவரே. ஆனால் அவர் பிறந்த காவிரிக் கரையில் இன்று பலருக்கு அவர் கதை தெரியாது.

பண்ணையூர்ப் பாரிஸ்டர்

பன்னீர்செல்வம் 1888-ம் ஆண்டு ஜூன் முதல் தேதி பிறந்தார். சொந்த ஊர் நன்னிலம் பக்கத்தில் உள்ள பெரும்பண்ணையூர். ஊரின் பெயரிலேயே பண்ணை இருக்கிறது. குடும்பமும் நிலபுலன் உள்ள குடும்பம்தான். மதம் கத்தோலிக்கக் கிறிஸ்தவம். தந்தையார் பெயர் தாமரைச்செல்வம்.

வீட்டில் நெல்லுக்குப் பஞ்சம் இல்லை. அதனால் படிப்புக்கும் பஞ்சம் இல்லை. கடல் கடந்து இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். தஞ்சைக்குத் திரும்பித் தொழில் நடத்தினார். பொதுவாழ்வு அவரை இழுத்தது. நீதிக் கட்சியில் சேர்ந்தார். தஞ்சை நகரசபைத் தலைவரானார். 1924-ல் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவரானார்.

அந்தப் பதவியில்தான் அவருடைய கல்விக் கொள்கை உருவாயிற்று. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த நாள் ஜில்லா போர்டு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

ரயில் விட்ட போர்டு

இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்கள் எல்லாம் அன்று ஒரே ஜில்லா. காவிரி கொண்டுவந்த வண்டல் எங்கெல்லாம் படிந்ததோ, அங்கெல்லாம் நெல். நெல் விளைந்த இடத்தில் நிலவரி. நிலவரியோடு சேர்த்து வசூலானது 'செஸ்'. அந்த செஸ் போய்ச் சேர்ந்த இடம் ஜில்லா போர்டு.

தஞ்சை ஜில்லா போர்டு சாமானிய போர்டு அல்ல. தன் பணத்திலேயே ரயில் பாதை போட்ட போர்டு! மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் ஓடியது. அது ஜில்லா போர்டு பணத்தில் போட்ட பாதை. பின்னர் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வரை நீண்டது.

சாலை, பாலம், ஆஸ்பத்திரி ஆகியவற்றோடு பள்ளிக்கூடங்களும் போர்டின் கையில் இருந்தன. 'போர்டு ஹைஸ்கூல்' என்ற பெயரைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். சென்னையில் மந்திரி உத்தரவு போட்டாலும், ஊரில் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறப்பவரும் மூடுபவரும் போர்டுத் தலைவர்தான்.

இன்னொரு பெரிய பொறுப்பும் அந்தப் போர்டுக்கு இருந்தது. மராட்டிய மன்னர்கள் விட்டுச் சென்ற சத்திரங்களின் நிர்வாகம்.

முக்தாம்பாள் சத்திரம்

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில் ஒரத்தநாடு இருக்கிறது. அங்கே யானையும் குதிரையும் இழுக்கும் தேர் போல் கல்லில் செதுக்கிய பழைய கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் முக்தாம்பாள் சத்திரம். சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக 1802-ல் ஏற்படுத்தியது. வழிப்போக்கர்களுக்கு அங்கே சோறு போட்டார்கள். மாணவர்களுக்குச் சோறும் போட்டுப் படிப்பும் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ராஜாமடத்திலும் இத்தகைய சத்திரம் இருந்தது. சத்திரங்களின் செலவுக்குக் கிராமங்களே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

படிப்புக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

ஹைஸ்கூல்கள் பட்டணத்தில்தான் இருந்தன. கிராமத்துப் பையன் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். பள்ளிச் சம்பளத்தைக் கூட எப்படியாவது புரட்டிவிடலாம். தினம் இரண்டு வேளைச் சோற்றுக்கு எங்கே போவது? ஏழைப் பிராமணப் பிள்ளைகளுக்கு 'வாரச் சாப்பாடு' என்ற ஏற்பாடு இருந்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு வீட்டில் சாப்பிட்டுப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வீடுகளில் இலை போட்ட தாய்மார்கள் புண்ணியவதிகள்.

ஆனால் குடியானவன் வீட்டுப் பையனுக்கு வாரச் சாப்பாடு கிடையாது. சத்திரத்து விடுதியிலும் இடம் கிடையாது. ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கே இடமும் உணவும் என்ற வழக்கம் நெடுங்காலமாக நிலைத்துவிட்டது.

ஒரத்தநாட்டு வட்டாரம் அன்று வானம் பார்த்த பூமி. மேட்டூர் அணை கட்டி, கல்லணைக் கால்வாயாகிய புது ஆறு வெட்டி, காவிரித் தண்ணீர் அந்தப் பக்கம் பாய்ந்தது 1934-ல்தான். அதற்கு முன்பு மழை பொய்த்தால் அடுப்பு எரியாது. அந்தச் சீமைப் பையன் ஒருவன் அந்தச் சத்திரத்தின் வாசலில் நின்றால், உள்ளே உலை கொதிக்கும் வாசனை வரும். படிப்பு அவனுக்கு எட்டாது.

பன்னீர்செல்வம் அந்த வழக்கத்தை மாற்றினார். பிராமணரல்லாத மாணவர்களும் விடுதிகளில் தங்கலாம், உண்ணலாம், படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்.

'தருமம் வைத்தவர்களின் எண்ணத்துக்கு இது விரோதமாகாதா?' என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமானது. சத்திரத்துக் கிராமங்களில் ஏர் பிடித்தவன் யார்? நாற்று நட்டவள் யார்? நெல்லை அளந்து போட்டவர்களின் பிள்ளைக்கு அந்த நெல்லின் சோறு விலக்கு என்று எந்த மன்னர் சொல்லியிருப்பார்?

ஐயாற்றில் தமிழ்

இரண்டாவது வேலை திருவையாற்றில் நடந்தது.

காவிரிக் கரையில், மராட்டியர் கட்டிய கல்யாண மகாலில், 1881 முதல் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி நடந்து வந்தது. அதுவும் பழைய தருமச் சொத்தின் வருமானத்தில் நடந்ததுதான். தேவார மூவரும் பாடிய ஐயாற்றில், தமிழ் படித்துப் பட்டம் பெற வழி இல்லை!

தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்பது அந்த நாளில் பலருடைய ஏளனக் கேள்வி. உ.வே. சாமிநாதய்யர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அது கௌரவமான தொகை. ஆனால் அத்தகைய இடங்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பண்டிதர் என்றால் மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவு, மதிப்பும் குறைவு. சர்வகலாசாலையின் வித்துவான் பட்டம் இருந்தால்தான் நல்ல பள்ளியில் வேலை. அந்தப் பட்டத்துக்குப் படிக்க ஜில்லாவில் இடம் இல்லை.

தஞ்சைக்கு வடபுறம் கரந்தட்டாங்குடியில் 1911-ல் தோன்றியது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அதன் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனார். வக்கீல், நீதிக் கட்சிக்காரர், தமிழே மூச்சு என்று வாழ்ந்தவர். பன்னீர்செல்வத்துக்கு அவர் உற்ற நண்பர். ஒருவர் சிவநெறிச் செல்வர்; மற்றவர் கிறிஸ்தவர். இருவரும் கைகோத்தார்கள்.

கல்லூரிக்குச் சொத்து விட்டவர்கள் கல்வி வளர வேண்டும் என்றுதான் எழுதினார்களே தவிர, சமஸ்கிருதம் மட்டும் என்று எழுதவில்லை. பழைய பத்திரத்தைத் தேடி எடுத்துப் படித்து அதைக் கண்டுபிடித்தார்கள் என்று கரந்தைப் பக்கம் இன்றும் சொல்வதுண்டு. எப்படியானால் என்ன? 1924-ல் திருவையாற்றில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கிற்று. சமஸ்கிருதக் கல்லூரி என்ற பெயர் அரசர் கல்லூரி என்று மாறிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமஸ்கிருத வகுப்பை அவர்கள் இழுத்து மூடவில்லை. பக்கத்திலே தமிழுக்கும் ஒரு பாய் விரித்தார்கள். அவ்வளவுதான்.

அதன் பலன் யாருக்கு? எல்லாருக்கும். அந்தக் கல்லூரியில் தமிழ் படித்து, பிறகு அதன் முதல்வராகவும் இருந்தவர் தி.வே. கோபாலையர். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட தேவாரப் பதிப்பைச் செய்த பேரறிஞர். அவர் பிராமணக் குலத்தில் பிறந்தவர். கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருகிறவரின் குலம் கோத்திரம் பார்த்து அறிவு வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேட்பாளரும் வாக்காளரும்

பன்னீர்செல்வத்தின் புகழ் ஜில்லாவைத் தாண்டிற்று. 1931-ல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றார். பின்னர் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார்.

1937 தேர்தல் வந்தது. காங்கிரஸ் அலை அடித்த தேர்தல். மொத்தம் 215 இடங்கள். காங்கிரசுக்கு 159! நீதிக் கட்சியின் தலைவர் பொப்பிலி ராஜாவே வி.வி. கிரியிடம் தோற்றுப் போனார். அந்த வெள்ளத்திலும் கரையேறிய சிலரில் பன்னீர்செல்வம் ஒருவர்.

இந்தத் தேர்தலைப் பற்றி இன்றைய வாசகர்கள் மறந்துவிடக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அன்று எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து இருக்க வேண்டும். வரி கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சத்திரத்து விடுதியால் பலன் பெற்ற பையனின் தகப்பனார் பெரும்பாலும் ஓட்டுரிமை இல்லாதவர். ஓட்டுரிமை உள்ளவரின் பிள்ளைக்குச் சத்திரத்துச் சோறு தேவையில்லை.

ஆகவே அவர் செய்த கல்விக் காரியம் ஓட்டுக்காகச் செய்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஓட்டே இல்லாதவனுக்குச் செய்தது அது.

125 பள்ளிகளில் இந்தி

ராஜாஜி பிரதம மந்திரியானார். பள்ளிகளில் இந்துஸ்தானி கட்டாயப் பாடமாகும் என்று அறிவித்தார். 1937 ஆகஸ்டிலேயே கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1938 ஏப்ரல் 21-ந்தேதி உத்தரவு பிறந்தது. மாகாணத்தில் 125 ஹைஸ்கூல்களில், முதல் மூன்று பாரங்களில், இந்தி கட்டாயம்.

பாரத தேசத்தை ஒன்றாக இணைக்க ஒரு பொதுமொழி வேண்டும், பிள்ளைகளுக்கு வடக்கே வேலை வாய்ப்புக் கிடைக்கும் என்பது ராஜாஜியின் கட்சி. அவர் சாதாரண மனிதர் அல்லர், பெரிய அறிவாளி, அவர் வாதத்திலும் பொருள் இருந்தது.

பன்னீர்செல்வம் சட்டசபைக்குள் கட்டாயத்தை எதிர்த்தார். அவர் எதிர்ப்பின் வேர் திருவையாற்றில் இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன்புதான் தமிழுக்கு ஒரு பாய் விரித்திருக்கிறது. தாய்மொழியையே சரியாகக் கற்க வசதி இல்லாத ஜில்லாக்கள் எத்தனை! அந்தப் பிள்ளைகளின் தலையில் இன்னொரு மொழியைக் கட்டாயமாக ஏற்றலாமா? விரும்பியவன் படிக்கட்டும் என்பது வேறு. படிக்காவிட்டால் நடக்காது என்பது வேறு.

சபையில் எண்ணிக்கை அவர் பக்கம் இல்லை. 159-க்கு முன்னால் ஒரு கைப்பிடி அங்கத்தினர்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் தெருவில் ஜனங்கள் இருந்தார்கள். 1938 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து ஒரு படை சென்னைக்கு நடந்தது. 42 நாள் நடை! முன்னால் நின்றவர்களில் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இருந்தார்கள். இருவரும் காவிரிச் சீமைக்காரர்கள். சிறை சென்ற கும்பகோணத்துத் தாளமுத்து 1939 மார்ச்சில் உயிர் துறந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு சென்னை நடராசன் மாண்டிருந்தார்.

1939 அக்டோபரில், யுத்தப் பிரச்சினையில் காங்கிரஸ் மந்திரி சபை ராஜினாமாச் செய்தது. 1940 பிப்ரவரி 21-ந்தேதி கட்டாய இந்தி உத்தரவு ரத்தாயிற்று.

எட்டாத கதவு

பாராட்டை மட்டும் எழுதினால் அது பாதி நியாயம்.

பன்னீர்செல்வம் திறந்த கதவு பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவு வரை நடந்து வர முடியாத பிள்ளைகளும் அன்று தஞ்சையில் இருந்தார்கள். சேரியில் பிறந்த பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள். ஐந்து வயதில் ஆடு. எட்டு வயதில் மாடு. பிறகு தகப்பன் நின்ற அதே சேற்றில் அவனும். அவர்களுக்காகச் சர்க்காரின் லேபர் இலாகா தனிப் பள்ளிகள் நடத்திற்று. தனியாகப் பள்ளி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதே அந்தக் காலத்தின் கதையைச் சொல்கிறது.

பண்ணையாளுக்கு நியாயமான பங்கு வேண்டும் என்று செங்கொடி பிடித்து நடந்த போராட்டங்களுக்குப் பிறகுதான், 1948-ல் மாயவரம் ஒப்பந்தமும், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. தகப்பனின் கூலி நிச்சயமான பிறகே பிள்ளையின் கையில் சிலேட்டு வரும். பண்ணை வீட்டுப் பாரிஸ்டர் அந்த எல்லை வரை போகவில்லை. அவர் காலத்து மிராசுதாரர்களில் பெரும்பாலோர் அவர் போன தூரத்தில் பாதி கூடப் போகவில்லை என்பதும் உண்மை.

வானத்தில் மறைந்த விமானம்

1938-ல் பன்னீர்செல்வத்துக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. அடுத்து லண்டனில், இந்தியா மந்திரிக்கு ஆலோசகராக உத்தியோகம் வந்தது. யுத்த காலம். இருந்தும் புறப்பட்டார்.

அவர் ஏறிய விமானத்தின் பெயர் 'ஹானிபால்'. 1940 மார்ச் முதல் தேதி, பாரசீகக் கரையில் உள்ள ஜாஸ்க் என்ற ஊரிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியது. விமானத்தில் எட்டுப் பேர். ஷார்ஜாவில் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். விமானம் வரவில்லை. ஓமன் வளைகுடாவில் தேடினார்கள். விமானமும் கிடைக்கவில்லை, ஓர் உடலும் கிடைக்கவில்லை.

அவருக்கு வயது 51. கட்டாய இந்தி ரத்தாகி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பெரியார் கலங்கி எழுதினார். பாரதிதாசன் இரங்கல் பாடினார். மறு வருஷம், 1941 மே மாதத்தில், வடநாட்டுப் பயணத்தின்போது அயோத்தியில் உமாமகேசுவரனாரும் காலமானார். தஞ்சைத் தமிழ் தன் இரண்டு தூண்களையும் பதினான்கு மாத இடைவெளியில், பிறந்த மண்ணுக்கு வெளியே இழந்தது.

இலையும் ஏடும்

பிறகு என்ன ஆயிற்று?

'படிக்க வரும் பிள்ளைக்கு முதலில் பசி தீர வேண்டும்' என்ற எண்ணம் சாகவில்லை. சென்னை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிட்டி தியாகராயர் 1920-ல் ஒரு பிள்ளைக்கு ஓரணா என்று தொடங்கிய மதிய உணவை, 1956 முதல் காமராஜர் நாடெங்கும் கொண்டு சென்றார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25-ந்தேதி அதை மாநிலமெங்கும் விரிவாக்கிய விழா திருக்குவளையில் நடந்தது. திருக்குவளை பழைய தஞ்சை ஜில்லாவின் ஊர்தான்!

கட்சிகள் மாறின. கொடிகள் மாறின. பெயர்ப் பலகைகள் மாறின. இலை மட்டும் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு சாராருக்கு மட்டும் போட்ட இலை, இன்று அரசுத் தொடக்கப் பள்ளியில் வரிசையாக உட்காரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிகிறது.

திருவையாறு போகிறவர்கள் ஐயாறப்பரைத் தரிசித்துவிட்டு, தியாகராஜர் சமாதியில் கும்பிட்டுவிட்டு, அசோகா அல்வா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது அரசர் கல்லூரி எங்கே என்று விசாரித்து, அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓட்டுக் கேட்டு யாராவது உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், எந்தக் கட்சியானாலும் சரி, ஒரு வாய் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ஐயா, இதுவரை நீங்கள் எத்தனை பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள்?"